வீட்டுப் பக்கக் கம்பம்

லுவான் ஃபெங்சியா என்று பெயர் சொன்னால் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. "புருஷன் விட்டுட்டுப் போயிட்டானே, அவ" என்றால் உடனே தெரியும். உண்மை வெளியே வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அப்படியும் பழகிய நாக்கு பழைய பேச்சைத்தான் பேசுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவள் நான். பெயர் ச்சூ யாச்சின். வாயாடி யாச்சின் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள், அது கிடக்கட்டும். எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

லியாவ் ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், நாணல் காட்டுக்கு நடுவே எங்கள் பிரிப்பு நிலையம். எங்கள் மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய் தானாக ஓடி வருகிற ஜாதி இல்லை. தார் போல உறைந்து கிடக்கும். பாய்லர் ஆட்கள் கிணற்றுக்குள் நாள்கணக்கில் நீராவி அடித்து, கிணற்றை மூடி, உள்ளே வேகவிடுவார்கள். திறந்தால் எண்ணெய் இளகி மேலே வரும். தனியாக வராது, சனியன். அடித்த நீராவியெல்லாம் தண்ணீராகி, எண்ணெய்க்குள் பொடிப்பொடியாகப் புகுந்துகொண்டு, பழுப்புக் கூழாக வரும். அதைத் தொட்டியில் விட்டு, சூடேற்றி, மருந்து கலந்து, எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயும் பிரியும்வரை காவல் காப்பதுதான் எங்கள் வேலை. கூழை உடைக்கிற ரசாயனத்தை நாங்கள் மருந்து என்போம்.

ஃபெங்சியாவின் கணவன் சுய் யுங்ஷான் பாய்லர் ஆள். அவன் நீராவியை உள்ளே அனுப்புவான். அது கூழாகி இவள் தலையில் வந்து விடியும். கல்யாணத்தன்றே எல்லோரும் இதைச் சொல்லித்தான் கிண்டல் செய்தோம். வீட்டில் சண்டை வந்தாலும் பேச்சு அங்கேதான் போய் முடியும். மதியத்தில் அவன் தன் அம்மா செய்த புளிச்ச முட்டைக்கோஸ் கொழுக்கட்டையை அலுமினிய டப்பாவில் எடுத்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வருவான்.

"இன்னிக்கு என்ன பாய்லர்ல குளிச்சீங்களா? கெணத்துக்குள்ள போனது நீராவியா, வெறும் வெந்நீரா? காலைலேர்ந்து ஒரு சொட்டு பிரியலை" என்பாள் இவள்.

"எல்லாம் தானாப் பிரிஞ்சிட்டா உன்னை எதுக்கு வேலைக்கு வச்சிருக்காங்க? என் தண்ணியாலதான் உனக்குச் சோறு."

"சோறு அத்தை போடுறாங்க. நீங்க டப்பா தூக்கிட்டு வர்றதோட சரி."

சொல்லிக்கொண்டே அவன் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி முதல் கொழுக்கட்டையை அவன் வாயில் திணிப்பாள். அப்படிப்பட்ட ஜோடி.

இனி நடுக்கூழைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொட்டியில் எண்ணெய் மேலே போய்விடும், தண்ணீர் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை நின்றுவிடும். எத்தனை மருந்து கொடுத்தாலும் மசியாது. அதுதான் நடுக்கூழ். எண்ணெய்க் கணக்குக்காரர்கள் அதை எண்ணெய் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர் சுத்திகரிப்புக்காரர்கள் தண்ணீர் என்று வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் மின்சாரம் பாய்ச்சி ஈரம் எடுக்கிற தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் நடுக்கூழ் போய்விட்டால் பட்டென்று மின்சாரம் அறுந்து நிலையமே நின்றுவிடும். அப்புறம் எங்கள் நிலையத் தலைவர் தீங் முகத்தில் விழிக்க முடியாது.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. தன் ஷிப்டில் சேர்ந்த நடுக்கூழை அடுத்த ஷிப்டின் தலையில் கட்டக் கூடாது, அது கேவலம். ஷிப்ட் முடிகிறபோது வால்வைத் திறந்து, சுடச்சுட அதைப் பின்னாலிருக்கும் மண்குழிக்கு விட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். யாரும் எழுதிவைத்த விதி இல்லை. ஒருத்தருக்கொருத்தர் மரியாதை என்று நினைத்துக்கொண்டு செய்ததுதான். அந்த மரியாதை சேர்ந்து சேர்ந்து, எங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஏரியே உண்டாகிவிட்டது.

நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவில் இருந்தது அந்தக் குழி. கரையைச் சுற்றிப் போனால் தூரம். குளிர்காலத்தில் குழியின் மேல்தோல் கல்லாக இறுகி, அதன்மேல் பனியும் நாணல் பஞ்சும் படிந்து வெறும் தரை போல ஆகிவிடும். எல்லோரும் அதன்மேல் குறுக்கே நடந்துதான் வீட்டுக்குப் போவோம். ஆனால் புதிதாகச் சுடுகூழ் விட்டால் அடியில் தோல் இளகிவிடும். மேலே பார்த்தால் தெரியாது. அதனால் கூழ் விட்டவர்கள் இரண்டு கரையிலும் இருக்கும் கம்பத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும்: ஒன்று நிலையப் பக்கக் கம்பம், ஒன்று வீட்டுப் பக்கக் கம்பம். விழாவுக்குக் கட்டிய பழைய வாசகத் துணிகளைக் கிழித்து வைத்திருப்போம். துணி தெரிந்தால் சுற்றிப் போ, தெரியாவிட்டால் குறுக்கே போ. இந்த ஒன்றில் மட்டும் எங்கள் ஆட்கள் யாரும் தப்பு செய்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில், வருடப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால், யுங்ஷான் மதியம் டப்பாவோடு வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"மேற்கே பாலைவனத்துல புதுக் களம் தொறக்கிறாங்க. பாய்லருக்கு ஆள் கேட்டிருக்காங்க. என் பேரைக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

"குடுத்துட்டு வந்து சொல்றீங்களா, குடுக்கிறதுக்கு முன்னாடி கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."

"கேட்டா, வேண்டாம். எங்க அப்பா அம்மாவைப் பொதைச்ச மண்ணு இது. நான் வரலை."

"இங்க என்ன இருக்கு ஃபெங்சியா? கெணறு எல்லாம் வயசாயிட்டு வருது. எத்தனை தடவை நீராவி அடிச்சாலும் தண்ணிதான் வருது."

"தண்ணி வர்றது உங்க லட்சணம்."

வழக்கமாக இந்த இடத்தில் அவன் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அப்ப நான் தனியாப் போறேன்" என்றான்.

"போங்க. யாரு புடிச்சு வச்சிருக்கா?"

டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நாங்கள் ஆறேழு பேர் இருந்தோம், எல்லோர் காதிலும் விழுந்தது. கொழுக்கட்டை ஆறிப்போய்க் கிடந்தது, அவள் தொடவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அவள்தான் நடுக்கூழைக் குழிக்கு விட்டாள். முகம் கடுகடுவென்று இருந்தது. நான்தான், "வா, வெந்நீர்ல குளிச்சா கோபம் எறங்கும்" என்று நிலையத்துக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். குளித்துவிட்டு மெயின் ரோடு வழியாக நிலைய வண்டியில் வீட்டுக்குப் போனோம். அன்று இரவு நல்ல பனி. யுங்ஷான் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. பாய்லர் நிலையத்தில் கேட்டால், ஷிப்ட் முடித்துக் கிளம்பிவிட்டான் என்றார்கள். அடையாள அட்டையை எப்போதும் கோட்டுப் பையில்தான் வைத்திருப்பான், அதனால் வீட்டில் எதையும் எடுத்துப் போனானா என்று பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. போலீஸ்காரர் வந்து விசாரித்தார். முதல் நாள் சண்டையைப் பற்றி ஒருவர் விடாமல் சொன்னார்கள்.

"குழியையும் ஒரு தடவை பாத்துருங்க" என்று ஃபெங்சியா சொன்னாள்.

தலைவர் தீங் கையை நீட்டிக் காட்டினார். "அதோ, துணி கட்டியிருக்கு பாரு. துணி கட்டியிருந்தா நம்ம ஆளு எவனும் காலு வைக்க மாட்டான். யுங்ஷான் இங்க பொறந்து வளந்தவன்."

"வீட்டுப் பக்கம் துணி இல்லையே" என்றார் போலீஸ்காரர்.

"ராத்திரி அடிச்ச காத்துல அது போயிருக்கும்."

அதோடு குழிப் பேச்சு முடிந்தது. ஃபெங்சியா அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஏன் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது பின்னால்தான். உங்களை அலைக்கழிக்க எனக்கு விருப்பம் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவள் துணி கட்டவில்லை. கோபத்தில் வால்வைத் திறந்தவள், நான் கூப்பிட்டதும் அப்படியே வந்துவிட்டாள். கம்பத்தின் நினைப்பே இல்லை. மறுநாள் காலையில் நிலையப் பக்கக் கம்பத்தில் துணியைப் பார்த்ததும் கிட்டப் போய்ப் பார்த்தாள். அந்தத் துணி முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கவில்லை. கம்பி சுற்றி முறுக்கியிருந்தது. நீராவிக் குழாய்க்குச் சுற்றிய போர்வையை பாய்லர் ஆட்கள் அப்படித்தான் கம்பியால் முறுக்குவார்கள். மற்ற பாய்லர் ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய், பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். யாரும் கட்டவில்லை.

அப்படியென்றால் அவன்தான் கட்டியிருக்கிறான். கூழ் விட்ட குழாயில் ஆவி எழுவதைப் பார்த்து, துணி இல்லாததைப் பார்த்து, மனைவி மறந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு கட்டியிருக்கிறான். கட்டிவிட்டு என்ன ஆனான்? அங்கிருந்தே ரயிலடிக்குப் போய் மேற்கே ஏறிவிட்டானா, குழிக்குள் கிடக்கிறானா? இதுதான் அவளை அரித்தது. போயிருந்தால் அவள் கைவிடப்பட்டவள். கிடந்தால் அவள் கொலைகாரி. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நீங்களும் நானும் எதைச் சொல்வோம்? அவள் முதலாவதுதான் வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஊரே "விட்டுட்டுப் போயிட்டான்" என்று பேசியபோது எனக்கு நாக்கை அறுக்கலாம் போல இருக்கும். அவளோ அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மாமியார் ஒருத்தி. சுய் அம்மா நல்லவள்தான், ஆனால் ஒரே பிள்ளை. அதிலிருந்து மருமகளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "ஒருத்தி வாயால என் பிள்ளை ஊரை விட்டே போனான்" என்பாள். வருடப் பிறப்புச் சாப்பாட்டுக்கு மகனுக்கும் ஒரு கிண்ணமும் குச்சிகளும் எடுத்து வைப்பாள். வெளியூர் போன ஆளுக்கு வைப்பது போல. ஒரு வருடம் ஃபெங்சியா மற்றவர்களைப் போலச் செத்தவர்களுக்காகத் தெருமுனையில் காகிதப் பணம் எரிக்கப் போனாள். தன் பெற்றோருக்குத்தான். அவள் கையில் ஒரு கட்டு அதிகமாக இருந்ததைக் கிழவி பார்த்துவிட்டாள்.

"அது யாருக்கு?" அன்றைக்கு மட்டும் நேராகக் கேட்டாள்.

ஃபெங்சியா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"உசுரோட இருக்கிறவனுக்குக் காகிதம் எரிப்பியா? கையை ஒடிச்சிருவேன்."

அந்தக் கட்டை அவள் திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மேற்கே போய் வந்த ஒருவன், அங்கே பஸ் நிலையத்தில் யுங்ஷான் மாதிரியே ஒருத்தனைப் பார்த்ததாக அளந்துவிட்டான். ஃபெங்சியா கோடை விடுப்பில் ரயில் ஏறினாள். புதுக் களத்தில் ஒவ்வொரு பாய்லராகப் போய்ப் புகைப்படத்தைக் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரு பை உலர்திராட்சை வாங்கி வந்தாள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து திராட்சையைத் தின்றோம்.

வந்த பிறகு ஒரு வேலையைத் தொடங்கினாள். குழிக் கரையில் நீராவிக் குழாயை நீட்டி, ஓரத்தை இளக்கி, ஷிப்டுக்கு ஒரு பீப்பாய் கூழை எடுப்பாள். அதில் மருந்தைக் கூடுதலாகக் கலந்து, தொட்டிக்கு வருகிற புதுக் கூழோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடுவாள். பழசு ரொம்பப் பிடிவாதம், கொஞ்சம் அதிகமானாலும் மின்தொட்டி அறுந்துவிடும். இரண்டு தடவை என் ஷிப்டில் அறுந்தது. நான் சும்மா இருப்பேனா?

"ஏன்டி, தீராத வியாதியை வெலை குடுத்து வாங்குறே? நாம குழிக்கு விட்டதை நீ திருப்பி எடுத்துட்டு வந்து நம்ம தலையிலேயே ஊத்துறியே?"

"கொஞ்சம்தான் அக்கா. தாங்கும்."

"இந்த லட்சணத்துல எடுத்தா இந்தக் குழி தீர நம்ம ரெண்டு பேர் ஆயுசும் பத்தாது."

"பத்தாட்டிப் போகுது."

எனக்கு அப்போது புரியவில்லை. அவளால் அதை எடுக்காமலும் இருக்க முடியவில்லை, எடுத்து முடிக்கவும் மனசில்லை. அதனால்தான் பீப்பாய் பீப்பாயாக எடுத்தாள். கிணறுகள் வற்ற ஆரம்பித்திருந்த காலம். குழியிலிருந்து வருவதும் எண்ணெய்க் கணக்கில் சேர்ந்ததால் தலைவர் தீங்கும் கண்டுகொள்ளவில்லை. இப்படியே வருடங்கள் ஓடின. அவள் தலையில் நரை விழுந்தது. கிழவிக்குக் காது மந்தமானது. கிண்ணம் மட்டும் வருடா வருடம் மேஜைக்கு வந்தது.

அப்புறம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நாணல் காட்டைச் சுத்தமாக்க வேண்டும், திறந்த குழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தலைவர் தீங் எல்லோரையும் முற்றத்தில் கூட்டிச் சொன்னார்: பனி உருகியதும் லாரிகள் வரும், சுண்ணாம்பும் மண்ணும் கொட்டி மூடிவிட்டு மேலே மரம் நடப்போகிறோம். எல்லோரும் கை தட்டினோம். எனக்கும் சந்தோஷம்தான், அந்த நாற்றத்தில் எத்தனை வருடம்.

ஃபெங்சியா எழுந்து நின்றாள்.

"மூடக் கூடாது தலைவரே. முழுசா எடுத்துட்டு மூடுங்க."

"அவ்வளவையும் எங்க கொண்டு போறது? உத்தரவு மூடத்தான்."

"உள்ள யுங்ஷான் இருக்கலாம்."

தீங் கோபப்படவில்லை, சங்கடத்தோடுதான் சொன்னார்: "அன்னிக்கே பேசி முடிச்சதும்மா. துணி கட்டியிருந்துது. நீதான் கட்டியிருந்தே."

"நான் கட்டலை."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வால்வு, குளியலறை, காலையில் பார்த்த கம்பி முறுக்கு, எல்லாம். தலை குனியவில்லை. குரல் மட்டும் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் எனக்கும் தெரியும்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?" என்று கேட்டார் தீங்.

"சொன்னா தேடுவீங்க. தேடினா கெடைச்சிருவாரு."

தீங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "லாரி வர நாளாகும். அதுக்குள்ள எடுப்போம்" என்றார். மேலிடத்தில் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் இன்றைக்கும் திட்டுவதில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுய் அம்மா கதவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிழவி அடிப்பாள் என்றுதான் நான் கூடவே போனேன். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாள் காலையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு குழிக் கரைக்கு வந்து உட்கார்ந்தாள். வேலை முடிகிறவரை தினமும் வந்தாள்.

யுங்ஷானோடு வேலை பார்த்த பாய்லர் ஆட்கள் நீராவி வண்டியைக் கொண்டு வந்து குழியை இளக்கினார்கள். நாங்கள் மருந்து கலந்து, பம்ப் வைத்து, தொட்டித் தொட்டியாக இறைத்தோம். மின்தொட்டி எத்தனை தடவை அறுந்தது என்று கணக்கே இல்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. நிலையப் பக்கத்திலிருந்து தொடங்கினோம், குறுக்கே நடந்திருந்தால் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்று. அங்கே ஒன்றும் இல்லை. நடுவில் வந்தோம். அங்கேயும் வெறும் சேறும் ஒரு பழைய வாளியும்தான்.

ஃபெங்சியாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வந்தது. இத்தனை வருடங்களில் முதல் தடவையாக என் டப்பாவிலிருந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"நடுவுலேயும் இல்லை அக்கா" என்றாள்.

"இல்லைடி."

"போயிருக்காரு அக்கா. எங்கேயோ இருக்காரு. வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டுக்கூட இருக்கட்டும்."

நானும் நம்பினேன். மிச்சம் இருந்தது வீட்டுப் பக்கக் கரையோரம் மட்டும்தான். அங்கே யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. கரையில் நடப்பவன் எதற்கு விழுவான்? அந்தக் காலத்தில் குழியின் நிலையப் பக்கம் நிரம்பிவிட்டதால், கூழ் போகும் குழாயைக் கரையோடு இழுத்து, வாயை அங்கேதான் வைத்திருந்தோம் என்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை. சுடுகூழ் அந்தக் கரையின் மண்ணைத்தான் அடியில் இளக்கியிருக்கும்.

அங்கேதான் இருந்தான். வீட்டுப் பக்கக் கம்பத்துக்கு நேர் கீழே.

போலீஸ்காரர்கள் தார்ப்பாய் போட்டு மறைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களைப் பார்க்க விடவில்லை, நல்லது. அடையாள அட்டை கோட்டுப் பையிலேயே இருந்தது. இன்னொரு பையில் ஒரு கம்பிச் சுருளும், கையளவு கறுப்புக் கட்டி ஒன்றும் இருந்தன. அந்தக் கட்டி என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"இது என்னன்னு வீட்டுக்காரங்க சொல்ல முடியுமா?" என்று நிலையத்துக்கே எடுத்து வந்து கேட்டார் போலீஸ்காரர்.

ஃபெங்சியா அதை வாங்கி, நாங்கள் கூழைச் சோதிக்கிற கண்ணாடிச் சாடியில் போட்டாள். வெந்நீர் ஊற்றினாள், மருந்து விட்டாள், சாடியைச் சூட்டுத் தொட்டிக்குள் இறக்கினாள். சாடி வைத்த பிறகு யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சுய் அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தீங் சுவரோரம் நின்றார். கறுப்பு மெல்ல இளகி, இழை இழையாகக் கழன்று மேலே போனது. ஃபெங்சியா மேலே நின்றதை வடித்துவிட்டு மறுபடி வெந்நீரும் மருந்தும் விட்டாள். மறுபடியும் வடித்தாள். தண்ணீர் தெளியத் தெளிய உள்ளே நிறம் தெரிந்தது. சிவப்பு.

இடுக்கியால் எடுத்து விரித்தாள். வாசகத் துணியின் கிழிசல்.

"என்னது அது?" என்று கேட்டாள் கிழவி. அவளுக்குப் பார்வையும் மங்கியிருந்தது.

"கம்பத்துத் துணி அத்தை" என்றாள் ஃபெங்சியா. "நிலையப் பக்கம் கட்டிட்டு, வீட்டுப் பக்கம் கட்டப் போயிருக்காரு."

"அப்ப மேற்கே போகலையா?"

"இல்லை அத்தை. வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தாரு."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் உடைந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னை வெறுத்துட்டுப் போயிருக்கணும்னு இத்தனை வருஷம் வேண்டிக்கிட்டேனே அக்கா. என்னை வெறுத்தாவது எங்கேயாவது இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேனே. அவரு வெறுக்கவே இல்லையே" என்று அழுதாள்.

கிழவி முக்காலியைவிட்டு எழுந்தாள். தடவித் தடவி வந்து மருமகள் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி, முகர்ந்து பார்த்து, மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். "வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த வருடப் பிறப்புக்கு அவர்கள் மேஜையில் இரண்டு கிண்ணங்கள்தான். சாப்பிட்ட பிறகு மாமியாரும் மருமகளும் தெருமுனைக்கு வந்தார்கள். ஃபெங்சியா பெட்டியில் வைத்திருந்த அந்தப் பழைய காகிதக் கட்டை எடுத்து வந்திருந்தாள். கிழவி கையிலிருந்த குச்சியால், காகிதம் எரிக்கப் பனியில் வட்டம் போட்டாள். வட்டத்தை முழுசாக மூட மாட்டோம், பணம் போய்ச் சேர, இறந்தவர் இருக்கிற திசையில் கொஞ்சம் வாய் விடுவோம். அவனைப் புதைத்தது நிலையத்துக்கு அப்பால், வடக்கே. கிழவி வடக்குப் பக்கத்தை மூடினாள். தன் வீட்டுக் கதவு இருக்கிற பக்கம் வாயைத் திறந்து விட்டாள்.

"ஏற்று, ஃபெங்சியா" என்றாள்.

அவள் தீக்குச்சியைக் கிழித்தாள்.